ஒன்றாம் நடைமேடையில் சின்னம்மா

அன்று போனவர்கள் ஆறு பேர். அத்தா, அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, அம்மாவின் தம்பியான மாமா, என் தம்பி, நான். வேறு யாரும் இல்லை. சின்னம்மாவின் சிவப்புப் பெட்டியையும் சேர்த்தால் ஏழு என்று மாமா சொல்வார். முடிச்சூர் ரோட்டில் பஸ் ஏறியதிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும் நான் தலைகளை எண்ணிப் பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. எண்ணி முடிக்காமல் நகர மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான். தாம்பரம் மேற்கில் நான் பில் போடுகிற துணிக்கடையில் ஷட்டர் இறக்கிய பிறகு பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன். பத்தாவதோடு படிப்பை விட்டதற்கும் இந்தப் பயம்தான் பாதிக் காரணம். பரீட்சை ஹாலில் பேனா மை தீர்ந்துவிடுமோ என்கிற கவலையிலேயே எனக்கு நேரம் போய்விடும். அது வேறு கதை.

நோன்புப் பெருநாள் முடிந்தால் மறுநாள் எங்காவது வெளியே போவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருஷம் வண்டலூர், ஒரு வருஷம் மெரினா. அந்த வருஷம் சின்னம்மாவை ரயிலேற்றுவதும் ஊர் சுற்றுவதும் ஒரே நாளில் வந்து சேர்ந்துகொண்டன. சின்னம்மா விஜயவாடாவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மாப்பிள்ளைக்கு, நாங்கள் சின்னத்தா என்று கூப்பிடுகிறவருக்கு, அங்கே செருப்புக் கடை. நோன்பு ஆரம்பிக்கும்போது தாம்பரம் வந்தவள் மாதம் முழுக்க எங்களோடுதான் இருந்தாள். வண்டி சென்ட்ரலிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு.

பெருநாளன்று பகல், வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அடுப்படியில் வைத்து சின்னம்மா அம்மாவிடம் சொன்னாள். "நான் போகலக்கா."

அம்மா பிரியாணிச் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போகப் போக சரியாயிடும்."

"ரெண்டு வருஷமா அதத்தான் சொல்ற."

ஹாலில் அத்தாவும் மாமாவும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "டிக்கெட் போட்டாச்சு, மச்சான். அவரு அங்க ஸ்டேஷனுக்கு வந்து நிப்பாரு. போகலன்னா நாலு பேரு இன்னா கேப்பான்?" என்றார் மாமா. அத்தா, "இந்த ஒரு தடவ போய்ட்டு வரட்டும். அப்புறமா பேசிக்கலாம்" என்றார். அத்தா எதையுமே அப்புறமாகப் பேசுகிறவர்.

எனக்கு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் வயிறு வலிக்கும். சின்னம்மாவுக்கும் அந்த வலிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவளுக்குச் சொல்லி அனுப்ப லீவ் லெட்டர்கூடக் கிடையாது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு விதி உண்டு. கூட்டத்தில் யாராவது தொலைந்துவிட்டால் நேராக ஒன்றாம் நம்பர் பிளாட்பாரத்துக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டு ஆள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நகரக் கூடாது. மாமா சிறுவனாக இருந்தபோது தாம்பரம் ஸ்டேஷனில் தொலைந்து, அவர் தன் அம்மாவைத் தேட, அம்மா அவரைத் தேட, கடைசியில் அவர் செங்கல்பட்டு வண்டியில் ஏறி அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தாராம். அந்தக் கதையைக் கேட்டு அத்தா போட்ட விதி இது. மற்றவர்களுக்கு அது பேச்சு. எனக்கு அது தினமும் ஓதுகிற கலிமாவுக்கு அடுத்தபடி. தாம்பரம் ஸ்டேஷனில் நுழைந்தாலே ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பேன்.

மின்சார ரயிலில் போய், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற பார்க் ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது. "புதுசா பூமிக்கடியில மெட்ரோ ஸ்டேஷன் கட்டியிருக்கான். உள்ள ஏசி கீது. வா, பாத்துட்டுப் போலாம்" என்றார் மாமா. உடனே தம்பி குதிக்க ஆரம்பித்தான். அத்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சின்னம்மா பர்தாவின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள்.

மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஸ்டேஷன் மேல் அவருக்கு ஒரு பழைய கோபம் உண்டு. படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "எத்தினி வருஷம் தெரியுமா? இந்த ரோட்டுல பாதிய தகரம் வெச்சு அடச்சுட்டான். நேரா போற சவாரி, ஊரையே ஒரு சுத்து சுத்தி வரணும். மீட்டருக்கு மேல கேட்டா என்னத் திருடன்றான். தோண்டினவன் அவன், திட்டு வாங்கினவன் நானு."

"எப்டி மாமா தோண்டுனாங்க? மேல பஸ்ஸெல்லாம் போய்க்கினே இருந்துச்சே?" என்று தம்பி கேட்டான்.

மாமாவுக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. "அதான் சூட்சுமம். மொதல்ல நாலு பக்கமும் ஆழத்துக்கு செவுரு எறக்கினான். அப்புறம் மேல மூடி போட்டான். மூடி மேல ரோடு, ரோடு மேல பஸ்ஸு. அடியில கமுக்கமா மண்ண வாரி வெளிய எடுத்துக்கினே இருந்தான். மேல போறவனுக்கு ஒண்ணியுமே தெரியாது."

எனக்கு அதைக் கேட்டதும் உள்ளங்கால் கூசியது. மூடிக்கு மேல் பஸ், லாரி, ஆட்டோ, அத்தனை ஜனம். மழை பெய்தால்? எங்கள் தெருவில் ஏரித் தண்ணீர் வந்த வருஷம் நாங்கள் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி இருந்தவர்கள். தரைத்தளமே எனக்குப் பள்ளம்தான். இது அதற்கும் கீழே. "தண்ணி உள்ள வந்தா எந்தப் பக்கம் ஓடணும்?" என்று அம்மாவைக் கேட்டேன். "வாய மூடினு நட" என்றாள் அம்மா.

உள்ளே போனால் அது ஸ்டேஷன் மாதிரியே இல்லை. பெரிய கல்யாண மண்டபத்தை யாரோ மண்ணுக்குள் இறக்கி வைத்ததுபோல் இருந்தது. முதல் தளத்தில் டிக்கெட் கவுன்ட்டர்கள், பெட்டியைப் படம் பிடிக்கிற மிஷின், நடுவில் வரிசையாகத் தடுப்புக் கதவுகள். கதவுக்கு இந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அந்தப் பக்கம் போக டோக்கன் வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து கீழே இறங்கினால் ஒரு ரயில் தடம், அதற்கும் அடியில் இன்னொரு ரயில் தடம். ஒன்று இந்தத் திசைக்கு, ஒன்று அந்தத் திசைக்கு. மேலே போக வெளிவாசல்கள் வேறு நாலைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் போய்த் திறக்கும். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்த்தேன். இரண்டாவது வாசலிலேயே குழம்பிவிட்டது.

ரயிலில் ஏறிப் போய்த் திரும்பினால் தாமதமாகிவிடும், இறங்கிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அத்தா முடிவு செய்தார். டோக்கன் என்பது பிளாட்பார டிக்கெட் மாதிரி என்று அவருக்கு எண்ணம். தாம்பரத்தில் பிளாட்பார டிக்கெட் எடுத்தவன் வெகுநேரம் பெஞ்சில் சாய்ந்துகிடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக் கையில் கொடுத்தார். கேரம் காய் மாதிரி இருந்தது. தொலைத்துவிடுவேனோ என்று நான் அதை உள்ளங்கையில் பதிந்துபோகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

லிஃப்டில் அடித்தளம் வரைக்கும் போனோம். பிளாட்பாரத்தின் விளிம்பு முழுக்கக் கண்ணாடிச் சுவர். ரயில் வந்தால்தான் கண்ணாடி திறக்கும். யாரும் தவறி விழ முடியாது. எனக்கு அந்த ஸ்டேஷனில் பிடித்த ஒரே விஷயம் அதுதான். ரெண்டு ரயில் வந்து போனதைப் பார்த்தோம். தம்பி ஒவ்வொரு ரயிலுக்கும் டாட்டா காட்டினான். "போதும், கிளம்பலாம்" என்றார் அத்தா.

லிஃப்டில் பெட்டி, மாமா, அம்மா, தம்பி, சின்னம்மா எல்லாரும் ஏறியதும் இடமில்லை. "நாங்க எஸ்கலேட்டர்ல வர்றோம்" என்று அத்தா என் கையைப் பிடித்தார். ஓடுகிற படிக்கட்டு பாவாடையைத் தின்றுவிடும் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். பெருநாளுக்கு எடுத்த பச்சைப் பாவாடை. அத்தா காலை வைத்தார். நான் கையை உருவிக்கொண்டேன். அத்தா மேலே போய்க்கொண்டே இருந்தார். திரும்பி நின்று ஏதோ கத்தினார். பின்னால் ஏறிய கூட்டத்தில் எனக்கு அவர் தலை மறைந்தது, வார்த்தை கேட்கவில்லை.

"அங்கயே நில்லு, இறங்கி வரேன்" என்றுதான் கத்தியிருக்கிறார். பின்னால் சொன்னார்கள். ஆனால் எனக்கு அந்த நொடியில் தெரிந்தது ஒன்றே ஒன்று: நான் தொலைந்துவிட்டேன். தொலைந்தவள் எங்கே நிற்க வேண்டும்? சுற்றிப் பார்த்தேன். அந்தத் தளத்தின் பலகைகளில் வேறு எண்கள் இருந்தன. ஒன்று இல்லை. அழாமல் படிக்கட்டைத் தேடினேன். நகராத சாதாரணப் படிக்கட்டு. ஏறினால் நடுத்தளம். அங்கே தூணில் பெரிதாக, நடைமேடை 1.

அதன் கீழே போய் முதுகை ஒட்டி நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக விதி எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. நான் அதைச் சரியாகச் செய்துவிட்டேன். இனி என்னை நகர்த்த யாராலும் முடியாது.

அத்தா படியிறங்கி வந்து பார்த்திருக்கிறார். விட்ட இடத்தில் நான் இல்லை. அவருக்கும் விதிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் தாம்பரத்துக்காரருக்குக் கண்ணாடி போட்ட பிளாட்பாரமெல்லாம் ஒரு பிளாட்பாரமா? பொண்ணு வெளியே ஓடி, நாங்கள் வந்து இறங்கிய பார்க் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பாள் என்று அவர் கதவருகே நின்ற மாமாவிடம் விஷயத்தைக் கத்திவிட்டு, டோக்கனைப் போட்டு மேலே ஓடினார். மாமா யோசனை வேறு. ரயில் ஏற வேண்டிய இடம் சென்ட்ரல் என்பதால் அங்கேதான் ஒன்றாம் நம்பருக்குப் போயிருப்பாள் என்று அவர் சென்ட்ரலுக்கு ஓடினார். பிறகு ரெண்டு பேரும் போனில் பேசிக்கொண்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடித்துக் காட்டப்படும்.

"எங்க நிக்கிற?"

"ஒண்ணாவதுல."

"நானும் ஒண்ணாவதுலதான் நிக்கினு கீறேன் மச்சான். ஒங்களக் காணோமே?"

"நீ அங்கயே நில்லு. நகராத."

அம்மா தம்பியோடும் பெட்டியோடும் கதவுக்கு வெளியே நின்றாள். சின்னம்மா இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. அவளுடைய கைப்பை பெட்டியின் மேல் இருந்தது. போனும் பர்ஸும் அதில். "நான் கீழ பாக்கறேங்க்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பி இறங்கிவிட்டாள்.

நான் தூணோடு ஒட்டி நின்றேன். ரயில் வந்தது, கண்ணாடி திறந்தது, ஜனம் கொட்டியது, மூடியது. ஒரு ஆள், "யார்கூட வந்த பாப்பா?" என்றார். "வருவாங்க" என்றேன். காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. தலையை ஆட்டினேன்.

அப்புறம் அத்தர் வாசனை வந்தது. சின்னம்மா ஓடி வந்து என் முன்னால் குந்தி, ரெண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்க எப்டி வந்த?"

"ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரம். அத்தா சொன்ன ரூலு."

சின்னம்மா தூணை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். சிரித்தாள். அந்த நோன்பு மாதம் முழுக்க அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து ரெண்டு அடி வைத்தாள். நின்றுவிட்டாள். மேலே தொங்கிய மின்பலகையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி இன்னும் ஆகவில்லை.

"ரூலு முழுசா இன்னா சொல்லு?" என்றாள்.

"வூட்டு ஆள் வந்து கூட்டிக்கினு போற வரைக்கும் நகரக் கூடாது."

"நான் யாரு?"

"சின்னம்மா."

"நான் இந்த வூட்டு ஆளா, அந்த வூட்டு ஆளா?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அம்மாவும் மாமாவும் அவளிடம் அந்த மாதம் முழுக்க, உன் வீடு அங்கேதான், உன் வீடு அங்கேதான் என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அவளை வைத்து விதியை மீறிவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. "அந்த வூடு" என்றேன் மெதுவாக.

"அப்ப நான் கூட்டினு போவ முடியாதுல்ல? ஒங்க அத்தா போட்ட ரூலு. அவரே வந்து முடிக்கட்டும்." என்னை இழுத்துக்கொண்டு போய்த் தூணை ஒட்டிய இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். "நாம நகர மாட்டோம்."

பெரியவர்களில் ஒருத்தியாவது விதியைச் சரியாக எடுத்துக்கொண்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உட்கார்ந்த பிறகு கவலை வேறு பக்கமாக வந்தது. "வண்டி போயிடும் சின்னம்மா."

"நீ முக்கியமா, வண்டி முக்கியமா?"

"சின்னத்தா அங்க ஸ்டேஷன்ல வந்து நிப்பாரே?"

"நிக்கட்டும். அவருக்கும் ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரம் இருக்கும்ல."

அவளுக்கு மாமா சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டுமாம். படியிறங்கும்போது அவள் கவனிக்கவில்லையாம். நான் சொன்னேன். முதலில் சுவர், பிறகு மூடி, பிறகு அடியில் கமுக்கமாக மண்ணை எடுத்தது. "மேல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்றாள். "தெரியாதாம். அவங்க பாட்டுக்கு ஹாரன் அடிச்சுக்கினு போவாங்களாம்." "நல்லாருக்கே" என்று சொல்லி மின்பலகையைப் பார்த்தாள். ரயில் வருகிற நிமிஷங்களை எண்ணி விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் கூட எண்ணினேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. பச்சைப் பாவாடை அணிந்த சிறுமி, எங்கிருந்தாலும் டிக்கெட் கவுன்ட்டர் அருகே வரவும் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கார் குரலில் என் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுந்துவிட்டேன்.

"ஒக்காரு."

"கூப்புடறாங்க சின்னம்மா."

"யாரு கூப்புடறா? மைக்கு கூப்புடுது. மைக்கு வூட்டு ஆளா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். பாவாடையை மட்டும் முழங்காலுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டேன்.

செக்யூரிட்டி அக்கா ஒருத்தி பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். நீலச் சட்டை, இடுப்பில் வாக்கி டாக்கி. ரெண்டு தடவை எங்களைத் தாண்டிப் போனவள் மூன்றாவது தடவை நின்றாள்.

"ஏம்மா, இத்தினி ட்ரெயின் போச்சு. ஏறலயா?"

"ஒருத்தருக்காக வெயிட் பண்றோம்க்கா."

அந்த அக்கா என் பாவாடையைப் பார்த்தாள். பிறகு சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா என் முடியை ஒதுக்கிவிடுவதற்காகக் கையைத் தூக்கியபோது பர்தாவின் கை முழங்கை வரைக்கும் சரிந்திருந்தது.

"கையில இன்னாம்மா?"

"தோசக்கல்லு பட்டுடுச்சு."

"ரெண்டு கையிலயுமா?"

சின்னம்மா துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்னிடமும் அவள் தோசைக்கல் என்றுதான் சொல்லியிருந்தாள். விஜயவாடாவில் தோசைக்கல்லுக்குக் கைப்பிடி இருக்காது போல என்று நான் அந்த அக்காவுக்கு விளக்கினேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எந்த வண்டி?" என்றாள்.

"ரெண்டு மணிக்கு."

மூன்று பேரும் மின்பலகையைப் பார்த்தோம். அந்த நேரம் அவள் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. "பச்சப் பாவாட, பத்து வயசுப் பொண்ணு, பிளாட்பாரத்துல பாத்தியாம்மா?"

நான் சட்டென்று நிமிர்ந்தேன். இனி ஒளிய முடியாது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"இங்க அப்டி யாரும் இல்ல சார்."

சொல்லிவிட்டு அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோனாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. பாவம், அவளுக்கு நிறம் தெரியாத வியாதி இருக்க வேண்டும், இந்த வேலைக்கு எப்படி எடுத்தார்கள் என்று யோசித்தேன். சின்னம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள் என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் நனைந்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. "பயமா கீதா?" என்று கேட்டேன். "நான் இருக்கேன். ஒண்ணாம் நம்பர்ல நின்னா ஒண்ணும் ஆவாது."

"ஆமா" என்றாள். "ஒண்ணும் ஆவாது."

மணி இரண்டு ஆனபோது அவள் என் கையை இறுக்கினாள். எண் மாறியது. பிறகும் மாறியது. எங்கள் தலைக்கு மேல், மூடிக்கும் அப்பால், ஒரு வண்டி விஜயவாடா பக்கமாகக் கிளம்பியிருக்கும். கீழே எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிறகு சின்னம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, மேல போலாம்."

"அத்தா இன்னும் வரலயே. ரூலு?"

"இவ்ளோ நேரம் நின்னாச்சுல்ல. போதும்."

அதுவரைக்கும் அவ்வளவு கறாராக இருந்தவள் திடீரென்று விதியை விட்டுவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் படியேறினேன்.

தடுப்புக் கதவில் டோக்கனைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. சின்னம்மா தன்னுடையதைப் போட்டாள், அதற்கும் சிவப்பு. உள்ளே போனவர்கள் கெடுவுக்குள் வெளியே வந்துவிட வேண்டுமாம், தாண்டினால் அபராதமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விதி அது. மற்றவர்கள் கெடுவுக்குள் ஓடிப்போய்விட்டதால் தப்பித்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தொகையைச் சொன்னான். சின்னம்மாவிடம் ஒரு பைசா இல்லை. பர்ஸ் கைப்பையில்; கைப்பை பெட்டியின் மேல்; பெட்டி அம்மாவிடம். நாங்கள் நேராக ரயிலுக்கே போயிருப்போம் என்று நம்பி, அம்மா பெட்டியோடும் தம்பியோடும் சென்ட்ரலுக்குப் போய்விட்டிருந்தாள்.

எனக்கு ஜெயில் என்றுதான் தோன்றியது. அதுவும் பூமிக்கடியில் ஜெயில். தண்ணீர் வந்தால் கைதிகளைக் கடைசியில்தான் ஏற்றிவிடுவார்கள்.

பின்னாலேயே படியேறி வந்த செக்யூரிட்டி அக்கா சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துக் கண்ணாடிக்குள் தள்ளினாள். "விடு தம்பி, தொறந்து வுடு."

கதவு திறந்தது. அந்த அக்கா தன் போனையும் கொடுத்தாள். சின்னம்மாவுக்கு அம்மாவின் நம்பர் மனப்பாடம். "கெடச்சுட்டாக்கா. நல்லாருக்கா. கவுன்ட்டர்கிட்ட நிக்கிறோம்" என்று மட்டும் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காசு அடுத்த வாரம் வந்து தரேங்க்கா" என்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா."

"இல்லக்கா. வந்து தரேன்." ரொம்ப அழுத்தமாகச் சொன்னாள். "கண்டிப்பா அடுத்த வாரம் நான் வருவேன்."

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அத்தா என் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு அதே கையால் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை. மாமா பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "வண்டி போச்சு. அவருக்கு யாரு போன் போடறது? நீங்களே போடுங்க மச்சான். என்னால ஆவாது."

"ஏய், நீ எங்க நின்ன?" என்று அத்தா என்னைக் கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர்ல."

அத்தாவும் மாமாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. சின்னம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப கண்டுபுடிச்ச இவள?" என்றாள். சின்னம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஒரு மணிக்கு முன்னாடியே" என்றாள்.

அம்மா திட்டுவாள் என்று நான் அத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மா மாமாவைப் பெட்டியிலிருந்து எழுப்பினாள். பெட்டியின் கைப்பிடியைத் தானே பிடித்தாள். "நாளைக்குத் தத்கால்ல பாக்கலாம்" என்று மாமா ஆரம்பித்தார். "நீ சும்மா இரு" என்றாள் அம்மா. அத்தா, "அப்புறமா பேசிக்கலாம்" என்றார். "இல்ல. இப்பவே பேசியாச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு பார்க் ஸ்டேஷன் பக்கத்து வாசலைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம். எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்.

தாம்பரம் வரைக்கும் எனக்கு ஒரே கவலைதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னம்மாவின் காதில், "அடுத்த வாரம் தரேன்னு சொன்னியே, நீ விஜயவாடாவுல இருப்பியே, எப்டித் தருவ?" என்று கேட்டேன். அவள் என் தலையைத் தன் மடியில் அழுத்திப் படுக்கவைத்தாள். நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டாளே, மறுமையில் இதற்குக் கேள்வி உண்டே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதோ, அந்த நீலச் சட்டைக்காரிக்கு அது அப்போதே புரிந்துவிட்டது என்பதோ எனக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்தாள். அந்த அக்காவை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள், எந்த ஸ்டேஷன் என்று தெரியாது என்றார்கள். சின்னம்மா இப்போது பல்லாவரத்தில் பை தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். பூமிக்கடியில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் நீலச் சட்டை போட்ட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள். நானும் பார்ப்பேன். அறுபது ரூபாய் இன்னும் பாக்கி.